துடுப்புக் கம்பவுண்டரும் ஒரு சஹன் சோறும்

தேவிபட்டினத்தில் கடலுக்குப் பயப்படாத ஆம்பளைகள் நூறு பேராவது இருப்பார்கள். ஆளுயரச் சுறாவைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே டீக்கடைக்குப் போகிறவர்களை நானே இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் துடுப்புக் கம்பவுண்டர் முன்னால் நின்று தைரியமாக ஒரு தும்மல் போட்ட ஆம்பளை அந்த ஊரில் ஒருத்தன்கூடக் கிடையாது. வந்த தும்மலை மூக்கைப் பிடித்து விழுங்கிவிட்டு, கண்ணில் தண்ணீர் தளும்ப, "நல்லாத்தான் இருக்கேன் கம்பவுண்டரே, ரொம்ப நல்லாருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நடந்து தெருமுனை தாண்டிவிடுவார்கள்.

நான் அப்போது அந்த ஊர்த் தபாலாபீசில் குமாஸ்தா. பரமக்குடிப் பக்கத்துக்காரன், கல்யாணம் ஆகாத ஒண்டிக்கட்டை. தபாலாபீசுக்கு அடுத்த வாசல் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றதும் பெரிசாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஓட்டுக் கட்டடம், ஒரு பெஞ்சு, மூன்று மருந்து ஜாடி, வாசலில் ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை மட்டும் ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் டாக்டர் வருவார். மிச்சம் ஆறு நாளும் கம்பவுண்டர் ராஜ்யம்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். ஊரில் யாருக்கும் தெரியாது. தபாலாபீஸ்காரன், எனக்காவது தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். எங்கே தெரிய? நான் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அந்த மனுஷனுக்கு ஒரு கார்டுகூட வந்ததில்லை. மதுரைப் பக்கம் ஊர் என்பார். அதற்கு மேல் தோண்டினால், "உன் தொண்டை எப்படிடா இருக்கு? ஆ காட்டு" என்று பேச்சை என் வாய்க்குள் தள்ளிவிடுவார்.

ஐம்பத்தேழாம் வருஷம் புளூக் காய்ச்சல் ஊர் ஊராக ஏறி இறங்கிக்கொண்டு வந்ததே, அப்போதுதான் அவர் துடுப்பைக் கையில் எடுத்தார். கரையில் உடைந்து கிடந்த ஒரு வள்ளத்தின் துடுப்பு. அதை ஆஸ்பத்திரி வாசலில் குறுக்கே நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார். காய்ச்சல்காரர் அந்தக் கோடி, இவர் இந்தக் கோடி.

"இது பேயுமில்ல, பிசாசுமில்ல, சாமி குத்தமுமில்ல. ஒருத்தன் வாயிலருந்து இன்னொருத்தன் மூக்குக்குப் போற சமாச்சாரம். நடுவுல ஒரு துடுப்பு தூரம் விட்டா அது பாட்டுக்குக் கீழ விழுந்து மண்ணாப் போயிரும். இருமுனா துண்டுல இருமு. தும்முனா துண்டுல தும்மு. அந்தத் துண்டை வெந்நியில போடு. அடுத்த ஆளு!"

மிக்சர் வாங்க வருகிறவர்கள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருவார்கள். அதைத் துடுப்பின் அகலமான பக்கத்தில் வைக்க வேண்டும். இவர் இழுத்துக்கொள்வார். மருந்தை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று காகிதத்தை வெட்டி ஒட்டி, திரும்பவும் துடுப்பில் வைத்து நீட்டுவார். ஒரு சொட்டு சிந்தாது. புளூ போன பிற்பாடும் கொஞ்ச நாள் அவர் டீ கிளாசைக்கூட அப்படித்தான் வாங்கினார்.

தும்மலில் மூன்று வகை என்பது அவர் சித்தாந்தம். பொடித் தும்மல், தூசித் தும்மல், புளூத் தும்மல். பொடித் தும்மல் இரட்டையாக வரும், கடைசியில் ஒரு சந்தோஷம் இருக்கும். தூசித் தும்மல் கோபத்தோடு வரும். புளூத் தும்மல் மட்டும் சோர்ந்துபோய், யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்ட மாதிரி வரும். தெருவில் நடந்து போகும்போதே காதைத் தீட்டிக்கொண்டு, "மூணாவது வீடு, புளூ! ரெண்டு நாள் படு! கஞ்சி குடி!" என்று சத்தம் கொடுத்துவிட்டுப் போவார்.

இந்தச் சித்தாந்தத்துக்கு முதல் பலி எங்கள் போஸ்ட்மாஸ்டர். பொடி போடுகிற மனுஷர். அன்றைக்கு எனக்கு எதிரே உட்கார்ந்து ஸ்டாம்பு எண்ணிக்கொண்டிருந்தவர் ஒரே ஒரு தும்மல் தும்மினார். அடுத்த நிமிஷம் ஜன்னல் வழியாகத் துடுப்பு உள்ளே வந்தது.

"எந்திரிங்க சார். வீட்டுக்குப் போங்க. மூணு நாள்."

"யோவ், இது பொடிய்யா!"

"பொடின்னா ரெண்டு வரும். ஒண்ணுதானே வந்துச்சு?"

"ரெண்டாவதை நான்தான்யா அடக்கிட்டேன், உனக்குப் பயந்து!"

கேட்பாரா? மூன்று நாள் வீட்டில் போட்டுவிட்டார். முதல் நாள் போஸ்ட்மாஸ்டர் கத்தினார். இரண்டாம் நாள் மத்தியானம் தூங்கிப் பார்த்தார். மூன்றாம் நாள் நான் போய், "நாளைக்கு வந்துரலாம் சார்" என்றதும், "எதுக்கும் கம்பவுண்டரை இன்னொருக்கா கேட்டுக்கப்பா" என்றாரே பார்க்கலாம்.

ஆனால் துடுப்புக் கம்பவுண்டர் என்ற பெயர் ஊன்றி நின்றது வேறு ஒரு காரணத்தால். புளூவுக்கு மருந்து படுக்கைதான் என்பார் அவர். கடல் தொழிலாளி படுப்பானா? உடம்பு நெருப்பாகக் கொதிக்கும்போதே, "கடக்காத்துல போயிரும்" என்று வள்ளத்தில் ஏறிவிடுவான். ஏறினவன் சும்மா வரமாட்டான், கூட வந்த நாலு பேருக்கும் காய்ச்சலைப் பங்கு வைத்துவிட்டுத்தான் வருவான். சொல்லிச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் ஒரு காரியம் செய்தார். காய்ச்சல்காரன் வீட்டுக்கே போய் அவன் துடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆனபிறகு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். துடுப்பில்லாமல் எங்கே போவான்? படுத்தான். நண்டு ரசமும் சுக்குக் காப்பியும் கஞ்சியுமாகக் குடித்தான். எழுந்தான்.

வேப்பமரத்தைச் சுற்றிச் சாத்தியிருக்கிற துடுப்புகளை எண்ணினால் ஊரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று தெரிந்துவிடும். ஒவ்வொன்றிலும் வீட்டுப் பெயர் எழுதிய சீட்டு ஒன்று தொங்கும். ஒருத்தன் கெட்டிக்காரத்தனமாக மச்சினன் துடுப்பைக் கொடுத்துவிட்டுத் தன்னுடையதை ஒளித்து வைத்தான். கம்பவுண்டர் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். "ஏலே, இது இடதுகைக்காரன் தேய்ச்ச பிடி. நீ எந்தக் கையால சோறு திங்கிற?" அவ்வளவுதான், ஓடிப்போய் எடுத்து வந்தான்.

விளையாட்டு மனுஷர் என்று நினைத்துவிடக் கூடாது. மாரியூரிலிருந்து பிழைக்க வந்த ஓர் ஆளுக்கு நாலாம் நாள் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. நெஞ்சு வலிக்கிறது என்றான், உதடு கறுத்துப்போயிருந்தது. அதைப் பார்த்ததும் கம்பவுண்டர் துடுப்பைத் தூக்கிக் கீழே எறிந்தார். "இது வீட்டுல வச்சுப் பாக்குற காய்ச்சல் இல்ல, பஸ்ஸை நிப்பாட்டு!" என்று தெருவில் ஓடினார். ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் அந்த ஆளைத் தன் தோளிலேயே சாய்த்துக்கொண்டு போனார். தெருவில் கிடந்த துடுப்பை நான்தான் எடுத்து வைத்தேன். ஆள் பிழைத்துவிட்டான். திரும்பி வந்த கம்பவுண்டர், "நாலு நாளைக்கு எங்கிட்ட எவனும் வராதே" என்று தனக்குத்தானே துடுப்பைக் குறுக்கே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

ஐந்தாம் நாள் கேட்டேன், "ஏங்க, இவ்வளவு பண்றீங்களே, உங்களுக்கு ஒட்டாதா?"

"எனக்கு எப்படி ஒட்டும்? இது வீட்டாளுககிட்டருந்துல்ல ஒட்டும். நமக்குத்தான் வீட்டுல யாருமில்லையே" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சின்ன வயசு, அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தோன்றவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் சீனிக் காக்கா வந்தார். காக்கா என்றால் அந்தக் கரை முஸ்லிம்களுக்கு அண்ணன். சீனிக் காக்கா ஊரில் பெரிய மனுஷர், மூன்று தோணிக்குச் சொந்தக்காரர். கோபம் வந்தால் கைலியை ஒரு தடவை அவிழ்த்துக் கட்டுவார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்று மூன்று தடவை கட்டினார்.

"ஏங்க கம்பவுண்டரு, எம்மக கல்யாணத்துல சஹன் வைக்கக் கூடாதுன்னு சொன்னியளாமே?"

சஹன் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெரிய வட்டத் தட்டு. அதில் நெய்ச்சோற்றைக் குவித்து, நடுவில் கறியை வைத்துவிடுவார்கள். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட வேண்டும். அந்தக் கரையோர முஸ்லிம் வீடுகளில் சஹன் இல்லாத கல்யாணம் கல்யாணமே இல்லை.

"ஆமா காக்கா. தனித்தனி இலை போடுங்க. அஞ்சு வீட்டு ஆளு ஒரு தட்டுல மூஞ்சிக்கு நேரா மூஞ்சி வச்சு உக்காந்து பேசிச் சிரிச்சுத் தின்னா, மறுநாள் இந்த மரத்துல துடுப்பு சாத்த எடமிருக்காது."

"இலை போட்டா வந்தவுகளப் பிரிச்சு வச்சதா ஆகும். சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாக? 'இவன் நம்மகூட ஒரு தட்டுல உக்கார யோசிக்கிறான்'னு நினைக்க மாட்டாக?"

"அப்ப ஒரு மாசம் தள்ளி வைங்க."

காக்கா நாலாவது தடவை கைலியைக் கட்டப் போனவர் கட்டவில்லை. குரல் இறங்கிவிட்டது. "தள்ளி வைக்க ஏலாதுங்க. மாப்பிள்ளை கொழும்புல துணிக்கடையில நிக்கிற புள்ள. சபருன்னு கடல் தாண்டிப் போயி மூணு வருஷம் கழிச்சு இப்பத்தான் லீவுல வந்துருக்கு. வார வெள்ளிக்கிழமை நிக்காஹ். அதுலருந்து பத்தாம் நாளு கப்பலேறணும். இப்ப விட்டா இன்னும் மூணு வருஷம். எம்புள்ள ஏற்கெனவே மூணு வருஷம் காத்துக் கெடந்துருச்சு."

"கல்யாணத்துல அந்த மாப்பிள்ளைக்கே ஒட்டுச்சுன்னா? கப்பலுக்கு முன்னால மண்டபம் கேம்புல நிப்பாட்டிக் கையைப் புடிச்சுப் பாப்பாக. சூடு இருந்தா கப்பலேத்துவாகளா? லேட்டாப் போனா வேலை இருக்குமா?"

காக்கா திரும்பி வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார். கம்பவுண்டரும் அன்றைக்கு யாரையும் திட்டவில்லை. இரண்டு நாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து துடுப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மிக்சரில் ஒரு ஆளுக்கு அளவுக் காகிதத்தைத் தலைகீழாக ஒட்டினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் காலை தபாலாபீசுக்குள் பாய்ந்து வந்தார். கையில் துடுப்பில்லை. நேராக என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"எலேய், வந்து பாரு! மரத்துல பாரு!"

இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். துடுப்புகளைச் சீட்டுப்படி பிரித்து அடுக்கியிருந்தார். ஒரே வீட்டுப் பெயர் மூன்று துடுப்பில். இன்னொரு வீடு நாலு. தனியாக நின்றவை ஒன்றோ இரண்டோதான்.

"காய்ச்சல் ஆளாளா வரலடா, வீடு வீடா வருது! ஒரு வீட்டுக்குள்ள அதுக ஏற்கெனவே ஒரே காத்தைத்தான் குடிக்குதுக, ஒரே செம்புலதான் தண்ணி குடிக்குதுக. அதுகளை ஒரே சஹன்ல உக்காரவச்சா புதுசா என்ன ஒட்டப்போகுது? ஒரு வீட்டுக்கு ஒரு சஹன்! சஹனுக்கும் சஹனுக்கும் நடுவுல ஒரு துடுப்பு! காக்கா வீடு எங்கன இருக்கு, வா!"

அவர் போன வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது. காக்கா முழுதும் கேட்டார். தாடியைத் தடவினார். முகத்தில் மெதுவாக வெளிச்சம் வந்தது.

"அல்லாவே! இது நல்லாருக்கே! கல்யாணத்துல அவனவன் சேக்காளியோடல்ல ஓடிப்போய் உக்காருவான்? அண்ணன் தம்பி ஒரு தட்டுல உக்காந்து எம்புட்டு நாளாச்சு!"

"இன்னொண்ணு காக்கா. இருமுறவன் வீட்டுல ஒருத்தரும் பந்தலுக்கு வரக் கூடாது. ஆனா அவுக வீட்டுக்குச் சோறு தேடிப் போகணும்."

"அதை நீங்க சொல்லணுமா? முதச் சட்டி அங்கதான் போகும்."

வெள்ளிக்கிழமை வந்தது. கல்யாண வாசலில் கம்பவுண்டர் வெளுத்த வேட்டி கட்டி, துடுப்போடு நின்றார். சாப்பிடும் முன்னால் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஒவ்வொருவருக்கும் கை கழுவ ஊற்றுவது அங்கே வழக்கம். அதைப் பார்த்துவிட்டு, "இதுதான்யா மருந்து! நான் மிக்சர் கலக்குறதெல்லாம் சும்மா" என்று சோப்புக் கட்டிகளை வெட்டி வெட்டிக் கொடுத்தார்.

மாப்பிள்ளை ஊர்வலம் பந்தலுக்குள் நுழைந்தது. மாப்பிள்ளை குனிந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் தும்மினார்.

காக்காவின் கை கைலிக்குப் போனது. எல்லார் கண்ணும் கம்பவுண்டர் மேல். அவர் கண்ணை மூடிக்கொண்டு, காதை முன்னால் நீட்டி நின்றார். மாப்பிள்ளை இன்னொன்று தும்மினார். பிறகு ஒன்று. கம்பவுண்டர் இரண்டடி முன்னால் போனார், மூக்கை உறிஞ்சினார்.

"ஏப்பா மாப்பிள்ளை, அத்தர் எம்புட்டுப் போட்ட?"

"நான் போடல, சேக்காளிக... ஆளுக்குக் கொஞ்சம்..." என்று அவர் முடிக்கும் முன்னால் நாலாவது தும்மல்.

"அத்தர்த் தும்மல்!" என்று கம்பவுண்டர் துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கிக் கத்தினார். "இது நாலாவது வகை! எழுதிக்கங்க! நிக்காஹை ஆரம்பிங்க!"

பந்தலில் எழுந்த சிரிப்பு கடல் வரைக்கும் கேட்டிருக்கும். மாப்பிள்ளை பத்தாம் நாள் சுகமாகக் கப்பலேறினார். பிற்பாடு கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. விலாசம், 'துடுப்புக் கம்பவுண்டர், தேவிபட்டினம்' என்று மட்டும். அவருக்கு வந்த முதல் கடிதம் அது. நான் ஓடிப்போய்க் கொடுத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு மரத்தடியில் துடுப்பு கூடவில்லை, குறைந்துகொண்டே வந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது சஹன் வைத்த நேரத்தைப் பற்றி. பந்தலில் வீடு வீடாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஓர் அண்ணன் தம்பி ஒரு சஹனில் மாட்டிக்கொண்டு முதலில் ஆளுக்கொரு திசையைப் பார்த்துத் தின்றார்கள். கறி வந்ததும் "அந்தத் துண்டை இங்கிட்டுத் தள்ளு" என்று ஆரம்பித்தது, பிறகு ஓயவில்லை. "ஒரே ஆபீஸ், ஒரே காத்து" என்று என்னையும் போஸ்ட்மாஸ்டரையும் கம்பவுண்டரே ஒரு சஹனில் உட்காரவைத்திருந்தார்.

கடைசியாக, பரிமாறுகிற ஆள் ஒரு சஹனைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டான், "கம்பவுண்டரு வீட்டு சஹனை எங்கன வைக்க?"

"இங்கன வைப்பா" என்று துடுப்பைப் பந்தக்காலில் சாத்திவிட்டு உட்கார்ந்தார். ஐந்து பேர் சோறு, ஒற்றை ஆள். ஊரில் இருக்கிற ஒவ்வொரு வீட்டையும் நினைத்துச் சட்டம் போட்டவர் தன் வீட்டை மறந்துவிட்டார். குவிந்து கிடந்த சோற்றைப் பார்த்து, "இம்புட்டையும் நான் எப்பத் தின்னு முடிக்க?" என்று சிரித்தார். இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து அவர் சஹனுக்குப் போகலாம் என்று காலைக்கூட எடுத்துவிட்டேன்.

எனக்கு முன்னால் காக்கா போய்விட்டார். கடைசி விருந்தாளி கை கழுவுகிற வரைக்கும் கல்யாண வீட்டுக்காரர் சாப்பிட உட்காரமாட்டார். அவர் கறிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சஹன் முன்னால் நின்றார்.

"ஏங்க கம்பவுண்டரு, ஒரு வீட்டுக்கு ஒரு சஹன்னு சட்டம் போட்டது யாரு?"

"நான்தான் காக்கா."

"அப்ப எங்க வீட்டு ஆளுக எல்லாம் ஒரே சஹன்ல உக்காரணுமா, வேணாமா?"

"உக்காரணும்."

"அப்பக் கொஞ்சம் நகருங்க மச்சான்" என்று சொல்லி, பிஸ்மி சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு மகன்களையும் கூப்பிட்டார். "வாங்கடா, மாமாவுக்கு அந்தப் பக்கம் உக்காருங்க."

கம்பவுண்டரின் கை பழக்கத்தில் துடுப்பைத் தேடிப் போனது. எட்டவில்லை. அந்தரத்தில் கொஞ்சம் நின்றது. பிறகு திரும்பி வந்து சோற்றில் இறங்கியது. ஒரு வாய் எடுத்தார். மூக்கு சிவந்தது, முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார், உள்ளே ஒரு தும்மல் மாதிரி என்னவோ சத்தம் வந்தது.

எல்லார் கண்ணும் மறுபடியும் அவர் மேல். காக்கா மெதுவாகக் கேட்டார், "என்ன வகை மச்சான்?"

துண்டிலிருந்து முகம் வெளியே வரவில்லை. என் பக்கத்திலிருந்த போஸ்ட்மாஸ்டர்தான் பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்.

"அஞ்சாவது வகை! யாரும் நகர வேணாம்!"

இன்றைக்கும் பக்கத்தில் யாராவது தும்மினால் நான் ஒரு துடுப்பு தூரம் தள்ளித்தான் நிற்கிறேன். அவர் சொல்லிக்கொடுத்தது, விடவில்லை. அந்த ஐந்தாவது வகையை மட்டும், கிட்டத்தில் உட்கார்ந்து, இன்னொரு தடவை கேட்க மாட்டோமா என்றிருக்கிறது.